வாடகை வருமானம்: வரிக் கணக்கு பத்திரத்திலேயே தொடங்குகிறது!

வீடு வாங்கும் முன், குடிவைக்கும் முன், விற்கும் முன்... சட்டம் தரும் சலுகைகளை முழுதாகப் பெறுவது எப்படி?

ஜூலை பிறந்தால் ஆடிட்டர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். கையில் வாடகை ஒப்பந்தமும் வங்கி ஸ்டேட்மென்ட்டுமாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “வாடகைக்குக் கட்டுற வரியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா சார்?” அந்த நேரத்தில் ஆடிட்டரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. வீடு யார் பெயரில் இருக்கிறது, கடன் யார் பெயரில் இருக்கிறது, சொத்து வரி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் மார்ச் 31-க்கு முன்பே முடிந்துபோன விஷயங்கள். வாடகை வீட்டைப் பொறுத்தவரை வரித் திட்டமிடலின் பெரும்பகுதி, வீடு வாங்கும் நாளிலும் குடிவைக்கும் நாளிலும் நடக்க வேண்டியது.

வாடகையை நம்பி வாழ்கிறவர்களும் வீட்டில் முதலீடு செய்கிறவர்களும் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பணத்தில் மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர், ஓ.எம்.ஆர் பக்கம் வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கிய ஐ.டி ஊழியர், வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஊரில் வீடு வாங்கிப் போட்டவர் என மூவரின் தேவையும் வேறு வேறு. ஆனால், மூவரும் செய்யும் தவறு ஒன்றே. சட்டம் தானாகவே தரும் சலுகையை விட்டுவிட்டு, சட்டம் தராத சலுகையைத் தேடுகிறார்கள்.

ஒரு முன்குறிப்பு: இங்குள்ள எடுத்துக்காட்டுகள் 2025-26 நிதியாண்டின் விகிதங்களை வைத்துப் போடப்பட்டவை. 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும். பிரிவு எண்கள் மாறினாலும், வீட்டு வாடகைக்கு வரி கணக்கிடும் அடிப்படை முறை அப்படியே தொடர்கிறது.

பில்லே கேட்காத 30 சதவீதம்

முதலில் கணக்கு எப்படி என்று பார்த்துவிடுவோம். ஓராண்டு வாடகையில், நீங்கள் அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரியைக் கழிக்க வேண்டும். மீதியில் 30 சதவீதத்தை நிலைக்கழிவாகக் கழிக்கலாம். அதற்குப் பிறகு வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்கலாம். மிஞ்சுவதுதான் வரிக்கு உட்பட்ட வருமானம்.

30 சதவீதக் கழிவுக்கு ஒரு ரசீதுகூடக் காட்ட வேண்டியதில்லை. வெள்ளையடித்தீர்களா, மோட்டார் மாற்றினீர்களா, புரோக்கர் கமிஷன் கொடுத்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாவிட்டாலும் 30 சதவீதம் உண்டு. அதைவிட அதிகம் செலவானாலும் 30 சதவீதம்தான். புதிய வரி முறை, பழைய வரி முறை இரண்டிலுமே இந்தக் கழிவு கிடைக்கும்.

மதுரையில் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தபடி, மாடியில் உள்ள இரண்டு போர்ஷன்களைத் தலா 12,000 ரூபாய்க்கு விட்டிருக்கும் ஓய்வூதியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 2,88,000 ரூபாய். மாடிப் பகுதிக்கு உரிய சொத்து வரி 8,000 ரூபாய் போக 2,80,000. அதில் 30 சதவீதமான 84,000 கழிந்தால் 1,96,000. அவருடைய ஓய்வூதியம் ஆண்டுக்கு 6 லட்சம் என்றால், புதிய முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக 5,25,000. மொத்த வருமானம் 7,21,000 ரூபாய். புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், இவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

வேறு வருமானமே இல்லாத ஒருவருக்கு, சொத்து வரி போக ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் ரூபாய் வாடகை வந்தாலும், 30 சதவீதம் கழிந்தபின் 12 லட்சத்துக்குள் வந்துவிடும். மாதம் 1,40,000 ரூபாய் வாடகைக்குக்கூட வரி இல்லை. அப்படியிருக்க, 20,000 ரூபாய் வாடகையை மறைக்க ரொக்கமாக வாங்குவதும், ஒப்பந்தம் போடாமல் தவிர்ப்பதும் எதற்காக? வரி இல்லாத வருமானத்தை மறைத்து, நோட்டீஸுக்குப் பயந்து வாழும் பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு வருமான வரித் தாக்கல் மட்டுமே. மொத்த வருமானம் அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் தாக்கல் செய்தாக வேண்டும்.

சொத்து வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. அது எந்த ஆண்டுக்கு உரியது என்பதைவிட, எந்த ஆண்டில் கட்டினீர்கள் என்பதே முக்கியம். பழைய பாக்கியை இந்த ஆண்டு கட்டினால் இந்த ஆண்டிலேயே கழிக்கலாம். ஏப்ரலில் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கழிவும் ஓராண்டு தள்ளிப்போகும். வீட்டு உரிமையாளர் கட்டினால்தான் கழிவு. வாடகைதாரர் கட்டிய வரியை நீங்கள் கழிக்க முடியாது.

வட்டியைக் காட்டி வரி மிச்சம்: அந்தக் காலம் முடிந்தது

“கடனில் வீடு வாங்கு, வட்டியைக் காட்டினால் சம்பளத்துக்கு வரி குறையும்” என்ற ஆலோசனையை நம்பி ஒரு தலைமுறையே இரண்டாவது வீட்டை வாங்கியது. அப்போது அது சரியான ஆலோசனை. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டி எவ்வளவு இருந்தாலும், அதனால் வரும் நஷ்டம் முழுவதையும் சம்பளத்தில் கழிக்க முடிந்தது. 2017 பட்ஜெட் அதற்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்று உச்ச வரம்பு வைத்தது. பிறகு வந்த புதிய வரி முறையில், வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது.

50 லட்சம் ரூபாய் கடனில் வாங்கிய ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை மாதம் 25,000. ஆண்டுக்கு 3 லட்சம். சொத்து வரி 10,000 போக 2,90,000. 30 சதவீதமான 87,000 போக 2,03,000. முதல் ஆண்டு வட்டி 4,20,000 என்றால், வரிக் கணக்குப்படி நஷ்டம் 2,17,000 ரூபாய்.

பழைய முறையில் இருப்பவர் இதில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். 30 சதவீத வரம்பில் இருந்தால், செஸ் உட்பட 62,400 ரூபாய் மிச்சம். மீதி 17,000 ரூபாயை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று, வீட்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இருப்பவருக்கு வாடகைக்கு வரி வராது. ஆனால், சம்பளத்துக்கான வரி ஒரு ரூபாயும் குறையாது.

இப்போது பாக்கெட்டிலிருந்து போகும் பணத்தைப் பாருங்கள். வட்டியும் சொத்து வரியும் சேர்ந்து 4,30,000. வந்த வாடகை 3 லட்சம். துண்டு விழுவது 1,30,000 ரூபாய். இது அசலைச் சேர்க்காமல். பழைய முறையில் முழுச் சலுகை கிடைத்தாலும் 67,600 ரூபாய் கைநஷ்டம். வரிச் சலுகைக்காக மட்டும் வீடு வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வது இதனால்தான். வாடகையும், வீட்டின் மதிப்பு உயர்வும் சேர்ந்து அந்த முதலீட்டைத் தாங்க வேண்டும். வரிச் சலுகை அதற்கு மேல் கிடைப்பது.

கடன் இருப்பவர்கள் விட்டுவிடக் கூடாத மூன்று வாய்ப்புகள் உண்டு.

முதலாவது, ஒரு வீட்டின் நஷ்டத்தை இன்னொரு வீட்டின் வாடகையில் கழிப்பது. மேலே சொன்ன ஃபிளாட் உரிமையாளருக்குக் கோயம்புத்தூரில் கடன் இல்லாத இன்னொரு வீடு இருந்து, மாதம் 20,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் 5,000 ரூபாய் சொத்து வரியும் 30 சதவீதமும் போக 1,64,500 ரூபாய் வருமானம். ஃபிளாட்டின் 2,17,000 நஷ்டத்தில் இது முழுவதும் கழிந்துவிடும். புதிய முறையிலும் இது செல்லும். கடன் இல்லாத வாடகை வீடு ஏற்கெனவே இருப்பவர்தான், கடனில் இரண்டாவது வாடகை வீடு வாங்குவதால் வரி அடிப்படையில் அதிகப் பயன் பெறுகிறார்.

இரண்டாவது, கட்டுமானக் கால வட்டி. வீடு கட்டி முடிப்பதற்கு முந்தைய நிதியாண்டுகளில் நீங்கள் கட்டிய வட்டியைக் கூட்டி, வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம தவணைகளில் கழிக்கலாம். அந்த வட்டி 10 லட்சம் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம். சாவி வாங்கிய சந்தோஷத்தில் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வங்கியிலிருந்து ஆண்டுவாரியான வட்டிச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, பழுதுபார்க்க வாங்கிய கடன். வாடகை வீட்டைப் புதுப்பிக்க, தளம் மாற்ற வாங்கிய கடனின் வட்டிக்கும் கழிவு உண்டு. உறவினரிடமோ நண்பரிடமோ வீட்டுக்காக வாங்கிய கடனானாலும், வட்டி கொடுத்ததற்கும் பணம் வீட்டுக்கே செலவானதற்கும் ஆதாரம் இருந்தால் போதும். டாப்-அப் கடனை வாங்கி மகளின் திருமணத்துக்குச் செலவு செய்துவிட்டு, வீட்டுக் கணக்கில் காட்டுவது செல்லாது.

பத்திரத்தில் யார் பெயர்?

இந்தக் கேள்விக்கு எழுதும் பதில்தான் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளின் வரியைத் தீர்மானிக்கிறது. கூட்டாக வாங்கி, பங்கு இவ்வளவு என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தால், ஒவ்வொருவரின் பங்கு வாடகைக்கும் தனித்தனியாக வரி. கழிவுகள் போக 6 லட்சம் வாடகை வருமானம் வரும் சொத்து, 30 சதவீத வரம்பில் இருக்கும் கணவர் ஒருவர் பெயரிலேயே இருந்தால், செஸ் சேர்த்து வரி 1,87,200 ரூபாய். வேறு வருமானம் இல்லாத மனைவிக்குச் சரிபாதி பங்கு இருந்தால், அவருடைய 3 லட்சத்துக்கு வரி இல்லை. ஆண்டுக்கு 93,600 ரூபாய் மிச்சம்.

ஆனால், இதில் ஒரு கட்டாய நிபந்தனை உண்டு. மனைவியின் பங்குக்கான பணம் மனைவியுடையதாக இருக்க வேண்டும். கணவர் பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால், சட்டம் அந்த வாடகையைக் கணவரின் வருமானமாகவே பார்க்கும். மைனர் பிள்ளை பெயரில் வாங்கினாலும் அப்படியே. மருமகளுக்கு எழுதிக் கொடுத்தாலும் வருமானம் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும். மனைவியின் சம்பளச் சேமிப்பு, அவருடைய நகையை விற்ற பணம், அவர் பிறந்த வீட்டில் கொடுத்த பணம் ஆகியவை அவருடைய பணம். அது அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து விற்பவருக்குப் போயிருக்க வேண்டும். கடன் வாங்கினால் இருவரும் கடன்தாரர்களாக இருந்து, அவரவர் பங்கு இ.எம்.ஐ-யை அவரவர் கணக்கிலிருந்து கட்ட வேண்டும்.

பெற்றோருக்கோ, 18 வயது முடிந்த மகன், மகளுக்கோ வீட்டைத் தானமாகக் கொடுத்தால், வாடகை அவர்கள் வருமானமாகிவிடும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையில் உச்ச வரம்புச் சலுகையும் உண்டு. இருந்தாலும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: சில ஆயிரம் ரூபாய் வரியை மிச்சப்படுத்த, முதுமையில் தலைக்கு மேல் இருக்கும் ஒரே கூரையை எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால், 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

பூட்டிய வீடு, காலி வீடு, வராத வாடகை

சொந்தக் குடியிருப்பு என்று இரண்டு வீடுகளைக் காட்டலாம். அவற்றுக்கு வாடகை வருமானம் பூஜ்யம். மூன்றாவது வீடு இருந்தால், அது பூட்டிக் கிடந்தாலும் வாடகைக்கு விட்டதாகவே சட்டம் கருதும். வாராத வாடகைக்கு வரி கேட்கும். ஊரில் பூட்டியிருக்கும் பூர்வீக வீடும் இந்த எண்ணிக்கையில் வரும். எந்த இரண்டைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். வாடகை மதிப்பு அதிகமுள்ள இரண்டைக் காட்டினால் பெரும்பாலும் வரி குறையும்.

வாடகைக்கு விட்ட வீடு இடையில் சில மாதங்கள் காலியாக இருந்தால், வந்த வாடகையை மட்டும் காட்டினால் போதும். அந்த மாதங்களின் மின்கட்டண ரசீது, புரோக்கருக்கு அனுப்பிய செய்தி போன்றவற்றை வைத்திருங்கள். வாடகை தராமல் ஏமாற்றியவர் வீட்டைக் காலி செய்திருந்து அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருந்து, பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி முயன்றிருந்தால், வராத வாடகையையும் கழிக்கலாம். பின்னாளில் அந்தப் பாக்கி வசூலானால், வந்த ஆண்டில் வரி உண்டு. அதிலும் 30 சதவீதம் கழியும்.

ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் பணம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் தேவை. வரிக்கும் அந்த ஒப்பந்தமே முதல் ஆதாரம். பராமரிப்புக் கட்டணத்தை வாடகையோடு சேர்த்து வாங்காமல், வாடகைதாரரே குடியிருப்போர் சங்கத்துக்கு நேரடியாகக் கட்டும்படி எழுதினால், அது உங்கள் வாடகையில் சேராது. திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் வருமானம் ஆகாது. காலி செய்யும்போது வாடகைக்காகப் பிடித்துக்கொண்ட தொகை வருமானம் ஆகும்.

வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தனிநபர் வாடகைதாரரும் 2 சதவீதம் டி.டி.எஸ் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. உங்கள் பான் எண்ணைக் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாக உயரும். ஆனால், அது கடைசி மாத வாடகைக்கு மேல் போகாது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து, அதற்கு வீட்டு வாடகைப்படிச் சலுகை கோரும் ஊழியர், உங்கள் பான் எண்ணைத் தன் நிறுவனத்தில் தந்தாக வேண்டும். ஆக, உங்கள் வாடகை உங்களுக்கு முன்பே வரித் துறைக்குத் தெரிந்துவிடுகிறது.

பெற்றோரின் சொந்த வீட்டில் வசிக்கும் பிள்ளைகளுக்கு இதிலேயே நேர்மையான ஒரு வழி இருக்கிறது. பழைய முறையில் இருக்கும் மகனோ மகளோ பெற்றோருக்கு வங்கி மூலம் உண்மையாகவே வாடகை கொடுத்து, வாடகைப்படிச் சலுகை பெறலாம். பெற்றோர் அதைத் தங்கள் வருமானமாகக் காட்டி, 30 சதவீதக் கழிவையும் வரித் தள்ளுபடியையும் பெறலாம். காகிதத்தில் மட்டும் வாடகை காட்டினால் இருவருக்கும் சிக்கல்.

கடை, கிடங்கு, அலுவலக இடங்களுக்கும் 30 சதவீதக் கழிவு உண்டு. ஆனால், உங்கள் மொத்த விற்றுமுதல் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி-க்குப் பதிவு செய்ய வேண்டும். குடும்பம் குடியிருக்க விடும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி இல்லை. கட்டடம் இல்லாத காலி மனையின் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு

உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாடகைதாரர் வரி பிடிக்க வேண்டும். செஸ் சேர்த்துக் குறைந்தது 31.2 சதவீதம். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாடகைதாரர் தலையில் விழும். 12 லட்சம் வரையிலான வரித் தள்ளுபடியும் வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது. ஆனால், 30 சதவீதக் கழிவும் வட்டிக் கழிவும் உண்டு என்பதால், உண்மையான வரி பெரும்பாலும் பிடித்ததைவிடக் குறைவாகவே இருக்கும். குறைந்த விகிதத்தில் வரி பிடிக்க, வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டால், பணம் ரீஃபண்டுக்காக முடங்காது. வாடகையைப் பொதுவாக, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ வங்கிக் கணக்கில் வாங்குவார்கள்.

விற்கும்போது இரண்டு கணக்கும் போடுங்கள்

2024 ஜூலை 23 முதல், வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை. அந்தத் தேதிக்கு முன் வாங்கியதை விற்கும் உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்கள், பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

2012-13-ல் 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26-ல் ஒரு கோடிக்கு விற்றால், புதிய கணக்கில் ஆதாயம் 60 லட்சம், வரி 7.5 லட்சம். பணவீக்கக் குறியீட்டு எண் 200-லிருந்து 376 ஆகியிருப்பதால், பழைய கணக்கில் வாங்கிய விலை 75.2 லட்சமாக உயரும், ஆதாயம் 24.8 லட்சம், வரி 4.96 லட்சம். இங்கே பழைய கணக்கே லாபம். அதே வீடு 2 கோடிக்கு விலைபோனால் புதிய கணக்கில் 20 லட்சம், பழைய கணக்கில் 24.96 லட்சம். இங்கே புதிய கணக்கு லாபம்.

ஆதாயத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ 10 கோடி ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டை விற்றாலும் இது பொருந்தும். வீடு வேண்டாம் என்பவர்கள், ஆறு மாதங்களுக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை ஐந்து ஆண்டுகளுக்கு முதலீடு செய்யலாம். ஏற்கெனவே வாடகையில் கழித்த வட்டியை, விற்கும்போது வாங்கிய விலையோடு சேர்க்க முடியாது. ஆனால், அறை கட்டியது, மாடி எழுப்பியது போன்ற மேம்பாட்டுச் செலவைச் சேர்க்கலாம். பில்கள் பத்திரம்!

வாடகை வீட்டுக்காரரின் வரிக் காலண்டர்

• ஏப்ரல்: முதல் அரையாண்டுச் சொத்து வரி. சென்னையில் மாதக் கடைசிக்குள் கட்டினால் ஊக்கத்தொகை உண்டு.
• ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15: கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரி. தொழில் வருமானம் இல்லாத, 60 வயது நிறைந்தவர்களுக்கு இது இல்லை.
• ஜூலை: வருமான வரித் தாக்கல். அதற்கு முன் ஆண்டுத் தகவல் அறிக்கையில் உங்கள் வாடகையும் டி.டி.எஸ்ஸும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.
• அக்டோபர்: இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரி.
• மார்ச் 31-க்குள்: சொத்து வரிப் பாக்கி எதுவும் வைக்காதீர்கள்.

மறைத்தவர்களுக்கும் வழி இருக்கிறது

இதுவரை வாடகையைக் காட்டாமல் விட்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மதிப்பீட்டு ஆண்டு முடிந்த நான்கு ஆண்டுகளுக்குள், கூடுதல் வரி செலுத்திப் புதுப்பித்த தாக்கலைத் தாங்களே செய்யலாம். முதல் ஆண்டுக்குள் செய்தால் கூடுதல் வரி 25 சதவீதம். தாமதிக்கத் தாமதிக்க 50, 60, 70 என்று ஏறும். வரித் துறை கண்டுபிடித்தால், தவறான தகவல் தந்ததற்கான அபராதமே வரியில் 200 சதவீதம் வரை போகும்.

ஒழுங்காகக் காட்டிய வாடகை வருமானத்துக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. அடுத்த கடனுக்கு வங்கி கேட்கும் முதல் ஆவணம், கடந்த ஆண்டுகளின் வரித் தாக்கல்தான். மாதம் 40,000 வாடகை வாங்கியும் தாக்கலில் காட்டாதவருக்கு, வங்கியின் பார்வையில் அந்த வருமானமே இல்லை. சட்டப்படி வரும் வரி, பலரும் பயப்படுவதைவிடக் குறைவு. பெயரைச் சரியாக எழுதி, வாடகையை வங்கியில் வாங்கி, ரசீதுகளைச் சேர்த்து வைப்பவர் அந்தக் குறைந்த வரியை மட்டும் கட்டிவிட்டு, வீட்டின் முழுப் பலனையும் தன் குடும்பத்துக்குக் கொண்டு சேர்க்கலாம். உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் இந்த வாரமே எடுத்துப் படித்துப் பாருங்கள். திருத்த வேண்டியது இருந்தால், அடுத்த மார்ச்சுக்கு முன் அதற்கு நேரம் இருக்கிறது.